முதல் ஆட்டத்துக்கு எந்த உலகம்? ரோல்பிளே விளையாட்டுக்கு அடிப்படை உலகம் ஒன்றை அமைப்பது பற்றி

ரோல்பிளே விளையாட்டின் விதிப்புத்தகம் ஒன்றைத் திறந்தால், விலைப்பட்டியலில் சவாரிக் குதிரை 75 பொற்காசு என்று போட்டிருக்கும். இன்னொரு பக்கத்தில், பூசாரி தன் தெய்வத்தை வேண்டிக் கூட்டாளியின் காயத்தை ஆற்றலாம் என்று இருக்கும். மந்திரவாதிக்கு ஓர் ஏடு இருக்கும், அதில் உள்ள மந்திரங்களைத்தான் அவர் பயன்படுத்த முடியும். படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆட உட்கார்ந்ததும் கேள்விகள் கிளம்பும். அந்தக் காசை அடித்தது எந்த ராசா? குதிரை ஓடுகிற மாதிரி ரோடு இருக்கிறதா? எந்தத் தெய்வம்? அந்த ஏட்டை யார் எழுதிக் கொடுத்தார்கள்?

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு, யாரும் வேறு விதமாகச் சொல்லாத வரைக்கும் எது பதிலோ, அதுதான் ஒரு விளையாட்டின் அடிப்படை உலகம். சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லாரும் கேட்காமலேயே உண்மை என்று எடுத்துக்கொள்ளும் விஷயங்கள் அவை. கண்டங்களின் வரைபடம், அரச வம்சங்கள், ஆயிரம் வருட வரலாறு எல்லாம் அதற்கு அப்புறம்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். வரைபடத்தில் பல வாரங்கள் போய்விடும், முதல் ஆட்டத்தில் ‘இந்த ஊரில் ராத்திரி எங்கே தங்குவது?’ என்று ஒருவர் கேட்டால் பதில் இருக்காது.

விளையாட்டையே இன்னும் ஆடாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். காட்சியைச் சொல்வதும், எதிரே வரும் ஆட்கள், மிருகங்கள், பேய்கள் எல்லாருக்காகவும் பேசுவதும் அவர் வேலை. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று அவர்கள் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். மாசி மாதத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, வேடம் கட்டி இன்னொருவராக நின்று பேசுவது புதிதல்ல. அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்குமே தெரியாது என்பதுதான் இதில் புதிது.

விதியும் உலகமும் எப்படி ஒட்டிக்கொண்டன

இந்த வகை விளையாட்டுகளில் முதலில் அச்சில் வந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கியது. கைகாக்ஸ் தன் நண்பர்களுடன் கிரேஹாக் என்ற உலகத்தில் ஆடிக்கொண்டிருந்தார், ஆர்னசனுக்கு பிளாக்மூர் என்று தனி உலகம். ஆனால் முதலில் வந்த சிறு புத்தகங்களில் விதிகள்தான் இருந்தன, உலகத்தை வாங்குகிறவரே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது எண்ணம். கிரேஹாக் உலகம் வரைபடத்தோடு தனி வெளியீடாக வர 1980 ஆகிவிட்டது.

அதற்கு நேர் எதிர் வழியில் போனது 1978இல் வந்த ரூன்குவெஸ்ட். கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய குளோரான்தா என்ற உலகம் அந்த விதிகளோடு பின்னிக் கிடக்கிறது. அங்கே ஒரு தெய்வத்தின் வழிபாட்டுக் கூட்டத்தில் சேர்ந்தால்தான் அந்தத் தெய்வத்துக்குரிய மந்திரம் கிடைக்கும். உலகத்தை உருவி எடுத்தால் விதிகளில் பாதி அர்த்தமிழந்துவிடும்.

பெரும்பாலான விளையாட்டுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸே இடம் மாறி மாறி நின்றிருக்கிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு கிரேஹாக்கின் தெய்வங்களை விதிப்புத்தகத்துக்குள் வைத்தது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு, சுற்றிலும் இருட்டு, நடுவில் அங்கங்கே வெளிச்சப் புள்ளிகளாகச் சில ஊர்கள் என்பதை மட்டும் அடிப்படையாக வைத்துக்கொண்டு, வரைபடத்தில் பெரும்பகுதியை வேண்டுமென்றே வெறுமையாக விட்டது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் சாகசக் கதைகள் பெரும்பாலும் எட் கிரீன்வுட்டின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் நடந்தன. நான்காம் பதிப்பின் வழி எனக்கு மிகவும் பிடிக்கும். நுவரெலியாவிலிருந்து ராத்திரி கீழே இறங்கும்போது, பனிக்குள் தூரத்தில் லயங்களின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) வெளிச்சம் மட்டும் அங்கங்கே தெரிவதைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2002இல் புதிய உலகம் ஒன்றுக்காகப் போட்டி வைத்தார்கள், அதில் கீத் பேக்கரின் எபெரான் தேர்வாகி 2004இல் வெளிவந்தது. விதிப்புத்தகத்தில் மந்திரம் இவ்வளவு மலிந்து கிடக்கிறதே, அது உண்மையானால் ஒரு சமூகம் எப்படி மாறியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து பிறந்த உலகம் அது. அங்கே பூதத்தைக் கட்டிவைத்து ரயில் ஓட்டுகிறார்கள். விதியைப் படித்துவிட்டு, ‘இது உண்மையானால் ஊர் எப்படி இருக்கும்?’ என்று கேட்பதுதான் உலகம் அமைப்பதில் பாதி வேலை. மற்றப் பாதி, ‘எங்கள் ஊர் இப்படி என்றால் இந்த விதி என்ன ஆகும்?’ என்று திருப்பிக் கேட்பது.

ஆயத்த உலகமா, சொந்த உலகமா?

கூட்டத்தில் ஒருவராவது ஓர் ஆயத்த உலகத்தை ஏற்கனவே விரும்பிப் படித்திருந்தால், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆர்வம் மற்றவர்களுக்கும் தொற்றும். அப்படி யாரும் இல்லாவிட்டால், நானூறு பக்க இங்கிலீஷ் புத்தகத்தை ஃபோனில் படித்து, வாயில் நுழையாத பெயர்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வா என்று நண்பர்களிடம் சொல்வது நியாயமில்லை. ஆயத்த உலகம் நேரத்தை மிச்சப்படுத்துவது, அதை எல்லாரும் அறிந்திருக்கும்போது மட்டும்தான். அறியாதபோது, நடத்துபவர் ஒவ்வொரு அடிக்கும் நின்று விளக்க வேண்டியதாகிவிடும்.

இலங்கையின் மலைநாடான மலையகத்தில் ஆடுகிறவர்களுக்கு என் பரிந்துரை வெளிப்படையானது: விதிகளை வெளியிலிருந்து எடுங்கள், உலகத்தை இங்கிருந்து எடுங்கள். விதிகளுக்குக் காசும் செலவழிக்க வேண்டியதில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது, யாரும் இறக்கிப் பயன்படுத்தலாம், மாற்றலாம். அதில் ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் தெய்வங்களை எடுத்துவிட்டு, கிரேக்க, எகிப்திய, நோர்ஸ், கெல்டியத் தெய்வங்களின் பட்டியலைத்தான் போட்டிருக்கிறார்கள். உங்கள் சாமிகளை எங்கே வைப்பது என்ற இடம் அதிலேயே தெரிகிறது.

உள்ளூரை எடுக்கச் சொல்வதற்குப் பெருமை மட்டும் காரணமில்லை. நான் ஆட்டம் நடத்துவது டிக்கோயாப் பக்கம், பெரும்பாலும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில். ஆயத்த உலகத்தில் ஆடினால், ‘டேவன் என்றால் என்ன மாதிரி இடம் அண்ணே, ஹோட்டலா?’ என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்கள். எங்கள் மலையை ஒட்டி அமைத்த உலகத்தில் ஒரு தங்கச்சி, நான் எதுவும் சொல்லாமலேயே, ‘நான் குடத்தை எடுத்துக்கிட்டுப் பீலிக்கரைக்குப் போறேன். காலையில யார் யார் வரல, எந்த வீட்டுல விடிய விடிய வெளக்கு எரிஞ்சதுன்னு அங்கதான் தெரியும்’ என்றாள். அப்படி ஒரு பீலி (எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் இடம்) இருப்பதாக நான் சொல்லியிருக்கவே இல்லை. பீலிக்கரையில்தான் ஊர்ச் செய்தி கிடைக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அதனால் அது அங்கே இருந்தது. நல்ல அடிப்படை உலகம் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

ஒரு பள்ளத்தாக்கு போதும்

எவ்வளவு பெரிய உலகம் வேண்டும்? பாத்திரங்கள் ஒரே நாளில் நடந்து திரும்பக்கூடிய அளவு. மலையில் இது இன்னும் சுலபம், மலையே எல்லை போட்டுக் கொடுத்துவிடும்.

ஓர் உதாரணத்தைக் கட்டிக் காட்டுகிறேன். பள்ளத்தாக்கின் பெயர் ஏழுபீலி. மேலே மேக்கணக்கு, கீழே பணியக்கணக்கு என்று இரண்டு தோட்டப் பிரிவுகள், இரண்டிலும் லயங்கள். நடுவில் நாற்சந்தி என்ற கடைவீதி. உச்சியில் பனிக்காடு, ஒரு கணவாய். கீழே ஒரு நீர்த்தேக்கம், அதற்குள் மூழ்கிப்போன பழைய டவுன். மலைச்சரிவில் வெட்டிப் பாதியில் விட்டுவிட்ட ஒரு சுரங்கம். அவ்வளவுதான். இவற்றில் எதையும் நான் வெறுமையிலிருந்து எடுக்கவில்லை. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியா, கடும் வறட்சியில் நீர் வற்றும்போது கோவிலும் கட்டடங்களுமாக வெளியே தெரிவதை ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். ஆட்டத்தில் அது ஒரு கடிகாரமாகிவிடும்: பழைய டவுனுக்குள் போக வேண்டுமா, நீர் இறங்கும் மாதம் வரை பொறுக்க வேண்டும், மழை திரும்புவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

மழையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆயத்த உலகங்களில் வானிலை பெரும்பாலும் வெறும் அலங்காரம். நமக்கு அப்படியில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மோதி ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். மலையைத் தாண்டும்போது காற்றில் ஈரம் தீர்ந்துவிடுவதால், அதே மாதங்களில் கிழக்கே, பதுளை உள்ள ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று, அப்போது பதுளைப் பக்கத்தின் முறை. பதுளை ரயிலில் போனவர்கள் பட்டிப்பொல தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து ஓஹியப் பக்கம் வெளியே வரும்போது வானமே மாறியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உலகத்திலும் கணவாய்க்கு இந்தப் பக்கம் அடைமழை என்றால் அந்தப் பக்கம் வெயில். மழைக்குப் பயப்படும் பேய்கள் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ஓடும் என்று ஆடுகிறவர்களே கணக்குப் போடுவார்கள்.

தூரத்தை மைலில் அளக்காதீர்கள். ஐந்தாம் பதிப்பு விதிப்படி சாதாரண நடையில் ஒரு நாளைக்கு 24 மைல், கரடுமுரடான இடத்தில் அதில் பாதி. எதிர்மலையில் துணி காயப்போடுகிற ஆள் கண்ணுக்குத் தெரிவார், ஆனால் ஆற்றில் இறங்கி ஏறிப் போய்ச்சேர அரைநாள் பிடிக்கும் என்கிற இடத்தில் இந்தக் கணக்கு எடுபடாது. மேக்கணக்கிலிருந்து நாற்சந்திக்கு இறங்க ஒரு மணித்தியாலம், ஏற இரண்டு, மழையில் மூன்று என்று எழுதி வையுங்கள். குதிரையை விலைப்பட்டியலிலிருந்து அடித்துவிட்டுப் பொதிமாட்டைப் போடுங்கள். கண்டி ராச்சியக் காலத்தில் மலைக்குள் உப்பும் மற்றச் சாமான்களும் பொதிமாட்டின் முதுகில் போய் வந்தன.

மந்திரம் எங்கிருந்து வருகிறது?

அடிப்படை உலகத்தில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

தோட்டத்தில் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்துக்குப் போனால் பேர் போடுவார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய நாள் கணக்கில் வரும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அரைநாள் கணக்குத்தான். இதைச் சொல்லிக் கொடுக்காமலே மலையகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏழுபீலியில் மந்திரம் அந்தப் பேரேட்டில்தான் இருக்கிறது. ஒரு பொருளின், மிருகத்தின், மனிதரின் உண்மைப் பெயரை ஏட்டில் எழுதுகிறவருக்கு அதன் மேல் பிடி உண்டு. ஆகவே விதிப்புத்தகத்தின் மந்திரவாதி இங்கே கணக்கப்பிள்ளை. அவருடைய மந்திர ஏடு, கிழிந்த செக்ரோல் பக்கங்களைச் சேர்த்துத் தைத்த புத்தகம். புது மந்திரம் கற்க வேண்டுமென்றால் பழைய ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்), பங்களாவின் பூட்டிய அறையில், மூழ்கிய டவுனில் கிடக்கும் பக்கங்களைத் தேடிப் போக வேண்டும். விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் சாகசத்துக்குப் போக ஒரு காரணம் பிறந்துவிட்டது.

ஊருக்கு ஒரு காவல் இருக்கிறது. முழுப்பேர் உள்ளவரின் வாசலை இரவில் எதுவும் தாண்டாது. அரைப்பேர்க்காரருக்கு அரைக் காவல்தான். ஆடுகிற பாத்திரங்கள் எல்லாருமே அரைப்பேர்க்காரர்கள். ‘ஏன் நாங்கள் மட்டும் அந்தச் சுரங்கத்துக்குள் போக வேண்டும்?’ என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை: துணிந்து செய்கிற வேலைக்குத்தான் முழுப்பேர் கிடைக்கும்.

பூசாரிகளுக்கு வானத்து மகாதெய்வங்கள் தேவையில்லை. நம் தோட்டங்களில் வேலைக்கே சாமி உண்டு. ஸ்டோரின் ரோதையை (சுழலும் இயந்திரத்தை) காக்க ரோதமுனி, கவ்வாத்து (தேயிலைச் செடியின் கிளைகளை) வெட்டத் தொடங்குமுன் கும்பிட கவ்வாத்துச்சாமி, எல்லையில் மாடசாமி, முனியாண்டி. சின்ன எல்லை, தெளிவான வேலை, அருகிலேயே இருக்கிற தெய்வம் என்பது இந்த விளையாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. ஏனென்றால் தொடக்க நிலைப் பூசாரியின் வரங்களும் சின்னவைதான். ரோதையைக் காக்கும் தெய்வத்தின் பூசாரி, சுழல்கிற எதையும் நிறுத்தவோ ஓட்டவோ வரம் கேட்கலாம், கவ்வாத்தின் பூசாரி, கெட்டதை வெட்டினால் புதுத் தளிர் வரும் என்பதால் காயம் ஆற்றலாம். பாணர் வகைப் பாத்திரத்துக்குத் தப்பு அடிப்பவரும் கூத்தாடுபவரும் இருக்கிறார்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

காசு விஷயத்திலும் ஒரு வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் தொழிலாளியின் கடனை எழுதிய துண்டு இருந்தது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் புதிய இடம் அந்தக் கடனை ஏற்க வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஏழுபீலியில் பொற்காசு அபூர்வம், துண்டுகள்தான் கைமாறுகின்றன. சுரங்கத்தின் அடியில் கிடைக்கிற பெட்டிக்குள் நவரத்தினத்துக்குப் பதிலாக, பணியக்கணக்கில் பாதிக் குடும்பங்களின் துண்டுகள் இருந்தால்? கிழித்துப்போடுவதா, வைத்துக்கொள்வதா, விற்பதா? இந்த இடத்தில் ஆட்டம் ஒரு மணித்தியாலம் நின்று, கூடியிருந்தவர்கள் நெஞ்சு கொதிக்க வாதாடியதை நான் பார்த்திருக்கிறேன். நூறு பொற்காசுக்கு யாரும் அப்படி வாதாடுவதில்லை.

எதை விடுவது

எது இல்லை என்று சொல்வதும் உலகத்தை அமைப்பதுதான். விதிப்புத்தகத்தில் எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங் என்று கற்பனை இனங்கள் எல்லாம் இருக்கும். எல்லாவற்றுக்கும் இடம் தேட வேண்டியதில்லை. ஏழுபீலியில் ட்வார்ஃப்கள் சுரங்கம் வெட்ட வந்து தங்கிவிட்டவர்கள், எல்ஃப்கள் பனிக்காட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள், யாரும் பார்த்ததில்லை. மற்றவை இல்லை. ரயிலும் இப்போதைக்கு இல்லை. எனக்கு ரயில் கொள்ளை ஆசை, ஆனாலும் முதல் ஆட்டத்திலேயே ரயில் இருந்தால் பள்ளத்தாக்கை விட்டு எல்லாரும் ஏறிப் போய்விடுவார்கள். அதனால்தான் சுரங்கம் பாதியில் நிற்கிறது.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இங்கே வாழும் எந்தச் சமூகத்தையும் ஒரு கற்பனை இனத்தோடு பொருத்தாதீர்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், வேடர்கள் யாரையும் ஓர்க் என்றோ எல்ஃப் என்றோ ஆக்கிவிட்டால், பகடையோடு சேர்ந்து பழைய பகையும் உருளத் தொடங்கிவிடும். நம் கூட்டங்களில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார முடிய வேண்டும்.

வரலாற்றைத் தொடும்போதும் அதே கவனம் வேண்டும். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் ஏராளமானோர் வழியிலேயே இறந்துபோனார்கள். அவர்களை வெட்டிச் சாய்க்கிற பேய்களாக ஆட்டத்தில் வைக்காதீர்கள். அவர்கள் நம் பாட்டன் பூட்டிகள். வழி தெரியாமல் நிற்கிறவர்களுக்கு வழி காட்டுபவர்களாக வைக்கலாம், அவர்களுடைய பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்து ஏட்டில் சேர்ப்பதையே ஒரு பெரும் சாகசமாக வைக்கலாம். 1948இன் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஏட்டில் பேர் இல்லாதவர் என்ற கற்பனை லேசாக இருக்காது. அதை ஆடலாமா என்று முதலில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்த முறை அதை விட்டுவிடுங்கள். தெய்வங்களின் பெயர்களும் அப்படித்தான். வீட்டில் பெரியவர்களுக்கு மனம் நோகுமென்றால், வேலையை மட்டும் வைத்துக்கொண்டு பெயரை மாற்றுங்கள். ரோதைக்காரன், கவ்வாத்தாயி என்று நாங்கள் மாற்றித்தான் ஆடுகிறோம்.

ஆடுகிறவர்களுக்கு ஒரு பக்கம்

நடத்துபவரின் கொப்பியில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். மற்றவர்களுக்குக் கொடுப்பது ஒரே பக்கம், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஸ்க்ரோல் பண்ணாமல் படித்து முடிக்கிற அளவு. ஏழுபீலிக்கு நான் எழுதியது இது:

“நீங்கள் ஏழுபீலிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள். பேரேட்டில் முழுப்பேர் உள்ளவர்களின் வாசலை இரவில் பேய் தாண்டாது. உங்களுக்கு இருப்பது அரைப்பேர். இருட்டிய பிறகு ரோட்டில் நடக்கிறவர்கள் தப்பு அடித்துக்கொண்டு நடப்பார்கள். சத்தம் நின்றால் எல்லாரும் கதவைச் சாத்துவார்கள். காசு குறைவு, துண்டு அதிகம். சாமிகள் உண்மை, பக்கத்திலேயே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. இது வெயில் மாதம். குளத்தில் நீர் இறங்கி, பழைய டவுனின் கோபுரம் தெரியத் தொடங்கிவிட்டது. நேற்று இரவு அங்கிருந்து மணிச்சத்தம் கேட்டது. மேக்கணக்குக் கங்காணி, போய்ப் பார்த்து வருகிறவருக்கு முழுப்பேர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.”

இதில் வரலாறு இல்லை, ராசா இல்லை, உலகம் உண்டான கதை இல்லை. என்ன பயம், என்ன ஆசை, யார் கூப்பிடுகிறார்கள், எப்போது போக வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. ஒரு வரியை நீக்கினாலும் ஆடுகிறவர்களின் முடிவு மாறாது என்றால் அந்த வரி அந்தப் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை.

பாத்திரம் அமைக்கும்போது ஆளுக்கொரு கேள்வி கேளுங்கள்: உன் பேர் ஏன் அரைப்பேர் ஆனது? மேக்கணக்கில் உனக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை? பழைய டவுனில் உங்கள் குடும்பம் விட்டுவந்த பொருள் என்ன? பதில்களை அப்படியே கொப்பியில் எழுதி உண்மையாக்கிவிடுங்கள். நாற்சந்தியில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர் யார் என்று நீங்களே கற்பனை செய்து வைத்திருப்பதைவிட, ‘அது எங்க பெரியம்மா கடை, கடன் சொல்லிச் சாப்பிடலாம்’ என்று ஒருவர் சொல்வது எவ்வளவோ மேல். அதற்காகவே நிறைய இடங்களை வெறுமையாக விட்டு வையுங்கள். சுரங்கம் ஏன் பாதியில் நின்றது என்று எனக்கு இன்னும் தெரியாது, வேண்டுமென்றே முடிவு செய்யாமல் வைத்திருக்கிறேன்.

சில ஆட்டங்கள் போனதும் ஒன்றைக் கவனிக்கலாம். ‘இங்கே இது இருக்கிறதா?’ என்ற கேள்விகள் குறைந்து, ‘நான் அங்கே போகிறேன்’ என்பது கூடியிருந்தால் அடிப்படை உலகம் வேலை செய்கிறது. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பதிலைத்தான் ஒரு பக்கத் தாளில் சேர்க்க வேண்டும். இரண்டு பேர் ஒரே விஷயத்தை வேறு வேறாக நினைத்திருந்தால், ஆட்டத்தை நிறுத்திப் பேசி முடிவெடுத்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில், பேர் அழிந்தவர் செத்துப்போவாரா இல்லை எல்லாருக்கும் மறந்துபோவாரா என்று ஒரு முறை பிரச்சினை வந்தது. மறந்துபோவார் என்று முடிவானது, அன்று முதல் சாவைவிட அதற்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள்.

கணவாயைத் தாண்டிப் போக வேண்டும் என்று அவர்களே கேட்கும் நாள் வரும். அப்போது அடுத்த பள்ளத்தாக்குக்கு இன்னொரு பக்கம் எழுதுங்கள்: அங்கே மழை எந்த மாதம், பேர் எழுதுவது யார், ராத்திரி எதற்குப் பயப்படுகிறார்கள். சுரங்கத்தை வெட்டி முடிக்கிற பொறுப்பை ஆடுகிறவர்களே எடுத்துக்கொண்டால், ரயிலையும் அப்போது விடலாம்.